எதிர்பாராதவிதமாக

மாவட்டச் செய்திப் பக்கத்தின் அடிமூலையில் நாலு வரி வரும். கும்மிடிப்பூண்டி அருகே வாடகை அறையில் தங்கியிருந்த தொழிலாளி. வயது இருபத்துச் சொச்சம். சொந்த ஊர் ஒடிசா, அல்லது பீகார், அல்லது நம்ம விழுப்புரம் பக்கம். அறையில் விளக்கு எரியவில்லை. சரிசெய்ய ஸ்டூல் போட்டு ஏறினார். 'எதிர்பாராதவிதமாக' மின்சாரம் தாக்கியது. மருத்துவமனைக்குக் கொண்டு போகும் வழியில் இறந்தார். போலீஸார் வழக்குப் பதிவு செய்து விசாரித்து வருகிறார்கள்.

ஊரையும் வயதையும் மாற்றினால் போதும். பொன்னேரிக்கும் பொருந்தும், ஊத்துக்கோட்டைக்கும் பொருந்தும். நான் பத்திரிகைத் தொழிலுக்கு வந்து இருபது வருஷம் ஆகிறது. அந்த விசாரணை என்ன ஆச்சு என்று சொல்லும் ஐந்தாவது வரியை இதுவரை ஒரு பத்திரிகையிலும் படித்ததில்லை.

என் சண்டை அந்த ஒற்றை வார்த்தையோடுதான். எதிர்பாராதவிதமாக! யார் எதிர்பார்க்கவில்லை? செத்தவர் எதிர்பார்க்கவில்லை, சரி. அந்த அறையைக் கட்டியவர்? ஒயர் இழுத்தவர்? 'எல்லாம் ஒழுங்காக இருக்கிறது' என்று கையெழுத்துப் போட்டவர்? இணைப்புக் கொடுத்த வாரியம்?

திருவள்ளூர் மாவட்டத்துக்குக் கரண்டைப் பற்றிச் சொல்லித் தர வேண்டியதில்லை. அத்திப்பட்டில் வட சென்னை அனல் மின் நிலையம். பக்கத்திலேயே 1,500 மெகாவாட் வல்லூர் அனல் மின் நிலையம். கொஞ்சம் வடக்கே போனால் கும்மிடிப்பூண்டி சிப்காட், கரண்டை வைத்தே இரும்பை உருக்குகிற உலைகள். ஊருக்கெல்லாம் வெளிச்சம் கொடுக்கிற மாவட்டம் இது.

அந்த ஆலைகளில் ஒழுங்காக நடக்கிற ஒன்றுக்குள் போய்ப் பாருங்கள். ஒரு மோட்டாரைக் கழற்ற வேண்டுமென்றால் முதலில் பெர்மிட் எழுத வேண்டும். மெயினை அணைத்து அதற்கு ஒரு பூட்டுப் போட வேண்டும். சாவி, வேலை செய்கிறவன் பாக்கெட்டில். 'ஆள் வேலை செய்கிறார், தொடாதே' என்று அட்டை தொங்கும். ஆங்கிலத்தில் 'லாக் அவுட், டேக் அவுட்' என்பார்கள். பூட்டாமல் தொட்டால் மெமோ.

ஷிஃப்ட் முடிந்து அதே தொழிலாளி தன் அறைக்கு வருகிறான். லைன் வீடு. வரிசையாக ஆறு, எட்டு அறை. மேலே ஆஸ்பெஸ்டாஸ் அல்லது தகர ஷீட். இரும்புக் குழாயில் சுற்றிய ஒயர், அதன் நுனியில் தொங்கும் ஹோல்டர். இரண்டு ஒயரை முறுக்கிச் சுற்றியிருப்பது இன்சுலேஷன் டேப்பா, செல்லோ டேப்பா என்று சொல்ல முடியாத ஒரு பழுப்பு நிறப் பொருள். பூட்டு இல்லை, அட்டை இல்லை. ஸ்டூல்கூட இல்லை, பெயின்ட் பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு ஏறுகிறான். பகலில் உலையோடு வேலை செய்து தப்பித்தவன் ராத்திரி பல்போடு மல்லுக்கட்டிச் சாகிறான்.

இதில் எதிர்பாராதது எது என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போமா?

முதலாவது, ஸ்விட்ச். 'ஸ்விட்சை ஆஃப் பண்ணிட்டுத்தான் சார் ஏறினான், அப்புறமும் எப்படி அடிச்சுது?' என்று பக்கத்து அறைக்காரர் கேட்பார். நியாயமான கேள்வி. விளக்குக்கு இரண்டு ஒயர் வருகிறது. ஒன்று ஃபேஸ், கரண்டைக் கொண்டு வருவது. இன்னொன்று நியூட்ரல், திருப்பிக் கொண்டு போவது. ஸ்விட்ச் ஃபேஸ் ஒயரில் இருக்க வேண்டும். தெரியாத்தனமாகவோ அவசரத்திலோ அதை நியூட்ரலில் போட்டுவிட்டாலும் விளக்கு எரியும், அணையும். வித்தியாசமே தெரியாது. ஆனால் அணைத்த பிறகும் ஹோல்டர் வரை 230 வோல்ட் வந்து காத்துக்கொண்டிருக்கும். தனியாக நியூட்ரலில் ஸ்விட்ச் போடக்கூடாது என்பது நேற்று வந்த ஞானோதயம் இல்லை. 1956-ம் வருஷத்து இந்திய மின்சார விதிகளிலேயே இருக்கிறது.

இரண்டாவது, எர்த். 'லைட்டுக்கு ரெண்டு ஒயர் போதும் சார், மூணாவது எதுக்கு?' என்று கேட்கிற எலக்ட்ரீஷியனை எல்லாரும் சந்தித்திருப்போம். பிளாஸ்டிக் ஹோல்டர் இருந்த காலத்தில் ஏதோ சமாளித்தார்கள். இப்போது தொங்குகிற விளக்குகள் பலதும் உலோக உடம்பு. உள்ளே ஒரு ஒயர் தோலுரிந்து உடம்பைத் தொட்டால் மொத்த விளக்கும் ஃபேஸ்தான். அந்தப் பச்சை ஒயரை மிச்சம் பிடித்ததில் வீட்டுக்காரருக்கு லாபம் எவ்வளவு? அறைக்குச் சில நூறு ரூபாய்.

மூன்றாவது, 'ட்ரிப்பர் இருக்கு, காப்பாத்தும்' என்கிற நம்பிக்கை. இங்கேதான் படித்தவர்களும் ஏமாறுகிறார்கள்.

நான் பி.காம். எனக்கு ஃபிசிக்ஸ் வராது, கணக்கு வரும். பழைய 60 வாட் குண்டு பல்ப் இழுக்கும் கரண்ட் கால் ஆம்பியருக்குக் கொஞ்சம் மேல், அதாவது 260 மில்லி ஆம்பியர். அமெரிக்காவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் சார்ல்ஸ் டால்ஸீல் என்ற பேராசிரியர், எவ்வளவு கரண்ட் ஓடினால் மனிதனால் பிடித்த கம்பியை விட முடியாமல் போகும் என்று, முன்வந்த ஆட்களை வைத்தே சோதித்துப் பார்த்தார். ஆண்களுக்குச் சராசரி 16 மில்லி ஆம்பியர். பெண்களுக்குப் பத்தரை. அதற்கு மேல் போனால் கை இறுகிக்கொள்ளும், விட நினைத்தாலும் விடாது. இன்னும் கொஞ்சம் ஏறினால் மூச்சுத் தசைகள், அப்புறம் இதயம். ஒரு குண்டு பல்பை எரிக்கத் தேவையானதில் நாலில் ஒரு பங்கு, சில நொடி ஓடினால் ஆளை முடிக்கப் போதும்.

உங்கள் வீட்டு விளக்கு லைனில் இருக்கிற சின்ன எம்.சி.பி. எத்தனை ஆம்பியர்? ஆறு. அதாவது 6,000 மில்லி ஆம்பியர். அதைத் தாண்டினால்தான் விழும். உங்கள் உடம்பு வழியாக 200 மில்லி ஆம்பியர் ஓடினால் அதற்கு ஒரு எல்.ஈ.டி. பேனல் கூடுதலாக எரிகிற மாதிரிதான் தெரியும். எம்.சி.பி. காப்பாற்றுவது ஒயரை. உங்களையல்ல.

ஆளைக் காப்பாற்ற வேறு கருவி இருக்கிறது. ஆர்.சி.டி., ஆர்.சி.சி.பி., பழைய ஆட்கள் வாயில் இ.எல்.சி.பி. அதே டால்ஸீல் 1960-களின் தொடக்கத்தில் இந்த வகைக் கருவி ஒன்றை வடிவமைத்தார். இது செய்கிற வேலையை ஒரு காமர்ஸ்காரனால் சுலபமாகச் சொல்ல முடியும். வரவு, செலவு டேலி. ஃபேஸில் போன கரண்டும் நியூட்ரலில் திரும்பி வந்த கரண்டும் சமமா என்று கணத்துக்குக் கணம் ஒத்துப் பார்க்கும் கணக்குப்பிள்ளை அது. 30 மில்லி ஆம்பியர் உதைத்தால், 'நடுவில் யாரோ ஒருத்தர் உடம்பு வழியாகத் தரைக்குப் போகிறது' என்று அர்த்தம். ஒரு நொடியின் சிறு பகுதிக்குள் கடையை மூடிவிடும். இன்னொரு விஷயம், எர்த் ஒயரே இல்லாத பழைய லைன் வீட்டிலும் இது வேலை செய்யும். அங்கே ஆளைத் தொட்ட பிறகுதான் விழும், ஒரு உதை உதைத்துவிட்டு. பிணத்துக்குப் பதில் ஒரு உதை.

ஃபேஸையும் நியூட்ரலையும் இரண்டு கையால் ஒரே நேரத்தில் பிடித்தால் அதற்கும் தெரியாது. வரவும் செலவும் டேலி ஆகிவிடுமே. அதனால் அது இருக்கிறது என்று மெயினை அணைக்காமல் ஏறாதீர்கள்.

விலை? வீட்டுக்குப் பொருத்துகிற நல்ல கம்பெனி சரக்கே இரண்டாயிரம் ரூபாயை ஒட்டித்தான். ஆறு அறைக்கும் சேர்த்து மெயினில் ஒன்று போட்டாலும் கணிசமாகப் பாதுகாப்பு. ஒரு அறையின் ஒரு மாத வாடகை. அவ்வளவுதான் செலவுப் பக்கம்.

வரவுப் பக்கத்தையும் பாருங்கள். பல லைன் வீடுகளில் ஈ.பி. இணைப்பு ஒன்றுதான். உள்ளே ஒவ்வொரு அறைக்கும் சப்-மீட்டர். வாரியத்தின் கட்டணம் என்னவாக இருந்தாலும் அறைக்காரன் கொடுப்பது யூனிட்டுக்கு எட்டு ரூபாய், பத்து ரூபாய். அரசாங்கம் தருகிற 100 யூனிட் இலவசமும் வீட்டுக்காரர் கணக்கில். கரண்டிலேயே லாபம் பார்க்கத் தெரிந்தவருக்கு, கரண்டால் ஆள் சாகாமல் இருக்க ஒரு தடவைச் செலவு செய்யத் தெரியாதாம். கேட்டால், 'தம்பி, நாங்களும் இப்படித்தான் இருந்தோம், ஒண்ணும் ஆகல' என்பார். ஆனவர்கள் வந்து சொல்ல மாட்டார்கள், அதுதான் வசதி.

சட்டம் இல்லையா? பேஷாக இருக்கிறது. 2022-ல் தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் பகிர்மான விதித்தொகுப்பைத் திருத்தி, வீடுகள் உள்பட மின் இணைப்புகளில் ஆர்.சி.டி. பொருத்துவதைக் கட்டாயமாக்கியது. உங்கள் வீட்டு மெயின் போர்டில் 'டி' என்று எழுதிய ஒரு பட்டன் இருக்கிறதா, போய்ப் பாருங்கள். இருந்தால் அழுத்துங்கள். வீடே அணைய வேண்டும். அணையவில்லை என்றால் அது அலங்காரப் பொருள்.

இதில் நம் ஊர் சாமர்த்தியம் ஒன்று உண்டு. 'மழைக்காலத்துல அடிக்கடி விழுது சார், தொல்லையா இருக்கு, அதான் டைரக்ட் பண்ணிட்டேன்.' அடிக்கடி விழுகிறது என்றால் எங்கேயோ சுவரில் கரண்ட் கசிகிறது என்று அது கத்துகிறது. கத்துகிறவன் வாயைக் கட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போகிறோம்.

வாடகைச் சட்டம் இன்னும் சுவாரஸ்யம். நில உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள், பொறுப்புகள் பற்றிய தமிழ்நாட்டின் 2017-ம் வருஷச் சட்டம், நகர்ப்புறங்களுக்கு 2019-லிருந்து நடைமுறையில் இருக்கிறது. அதன் அட்டவணையில் யார் எதைப் பழுது பார்க்க வேண்டும் என்று பிரித்திருக்கிறார்கள். உள்ளே, வெளியே ஓடும் ஒயரிங் வீட்டுக்காரர் பொறுப்பு. ஸ்விட்ச், சாக்கெட் ரிப்பேர் வாடகைக்காரர் பொறுப்பு. பேப்பரில் நியாயமாகத்தான் தெரிகிறது. ஆனால் யோசியுங்கள். வீட்டுக்காரர் கோணல்மாணலாக இழுத்த ஒயரின் நுனியைத்தான் வாடகைக்காரர் கையால் தொட வேண்டியிருக்கிறது. ஹோல்டர் மாற்றப் போனவன், சுவருக்குள் வேறொருவர் இருபது வருஷத்துக்கு முன் செய்த தப்புக்குப் பலியாகிறான். அப்புறம் அவனுக்கு 'கவனக்குறைவு' என்று பட்டம் வேறு.

கவனக்குறைவாம். செத்தவனைக் குற்றவாளியாக்குவது எவ்வளவு சௌகரியம்!

தெருவில் நடந்தால் மட்டும் நமக்குக் கோபம் வருகிறது. 2017 நவம்பர் 1 அன்று கொடுங்கையூரில் மழைத்தண்ணீரில் கசிந்த மின்சாரம் இரண்டு சிறுமிகளைக் கொன்றது. ஊரே கொதித்தது, வாரிய ஊழியர்கள் சஸ்பெண்ட் ஆனார்கள். 2022 ஏப்ரல் 27-ல் தஞ்சாவூர் களிமேட்டில் தேர் உயர் அழுத்தக் கம்பியில் உரசி 11 பேர் இறந்தார்கள். முதலமைச்சர் நேரில் போனார். போக வேண்டியதுதான். ஆனால் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2021-ல் மட்டும் நாடு முழுக்க மின்சாரம் தாக்கி இறந்தவர்கள் 12,500-க்கும் மேல். வயலில், வேலையிடத்தில், வீட்டில் என்று ஒவ்வொருவராக உதிர்ந்தவர்கள்தான் அதில் பெரும்பாலோர். மீட்டர் வரைக்கும்தான் ஈ.பி. பொறுப்பு. மீட்டருக்கு இந்தப் பக்கம் கடவுள் பொறுப்பு.

பிரிட்டனில் 2004-ல் ஒரு பெண் தன் வீட்டுச் சமையலறையில் இறந்தார். சுவரில் மாட்டியிருந்த உலோகத் தாங்கியின் ஸ்க்ரூ, உள்ளே இருக்கக்கூடாத இடத்தில் ஓடிய ஒயரைக் குத்தியிருந்தது. அவர் ஜென்னி டாங் என்ற எம்.பி.யின் மகள். அங்கே மரண விசாரணையில், அந்த ஒயர் அந்த இடத்துக்கு எப்படி வந்தது என்று கேட்டார்கள். 2005 ஜனவரியில், வீட்டு ஒயரிங் வேலைகளைக் கட்டடச் சட்டத்துக்குள் கொண்டுவரும் விதி அங்கே நடைமுறைக்கு வந்தது.

நம் போலீஸுக்கும் கேட்க அதிகாரம் இல்லாமல் இல்லை. சந்தேக மரணம் என்று பதிவு செய்கிறார்கள், முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டம் 174, 2024 ஜூலையிலிருந்து பி.என்.எஸ்.எஸ். 194. அலட்சியத்தால் மரணம் விளைவித்தால் தண்டிக்கத் தனிப் பிரிவும் இருக்கிறது, பழைய 304-ஏ, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 106. கேட்க வேண்டியது மூன்றே கேள்வி. ஸ்விட்ச் எந்த ஒயரில் இருந்தது? மெயினில் ஆர்.சி.டி. இருந்ததா? ஒயரிங் டெஸ்ட் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டது யார்?

அந்தக் கையெழுத்து பெரிய கதை. தமிழ்நாட்டில் மின் உரிமம் வழங்கும் வாரியம் என்று ஒன்று இருக்கிறது. வயர்மேனுக்கு 'பி' சான்றிதழ், மேற்பார்வையாளருக்கு 'சி', உதவியாளருக்கு 'எச்', கான்ட்ராக்டர்களுக்குத் தனி லைசென்ஸ். புது இணைப்பு வேண்டுமென்றால் லைசென்ஸ் உள்ளவர் ஒயரிங்கைச் சோதித்து ரிப்போர்ட் தர வேண்டும். நடப்பது என்ன? கொத்தனாரோடு வந்த ஒரு பையன் ஒயர் இழுப்பான். இணைப்பு நேரத்தில் லைசென்ஸ்காரர் ஒருவரிடம் ஃபாரம் போகும், கையெழுத்தோடு திரும்பி வரும். அந்த வீட்டு வாசப்படியை அவர் மிதித்திருக்க மாட்டார். எல்லாரும் அப்படி இல்லை, மெக்கர் வைத்து ஒவ்வொரு பாயின்டையும் சோதிக்கிற மனிதர்களும் இருக்கிறார்கள். அவர்கள் ரேட் அதிகம் என்று நாம்தான் கூப்பிடுவதில்லை.

'லைன் வீட்டுக்காரன் பிரச்னைதானே' என்று பக்கத்தைப் புரட்டப் போகிற அடுக்குமாடி வாசகரே, ஒரு நிமிஷம். உங்கள் வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறதா? அப்படியானால் மெயினை அணைத்தாலும் உங்கள் ஹால் விளக்கில் கரண்ட் இருக்கும். ஈ.பி. போனதும் எரிய வேண்டும் என்றுதானே அதை வாங்கினீர்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஐந்து நிமிட வீடியோவைப் பார்த்துவிட்டு, ஃபால்ஸ் சீலிங்கில் புது விளக்கு மாட்ட ஏணியில் ஏறுகிற ஐ.டி. தம்பிகளுக்கு அந்த வீடியோ இதைச் சொல்வதில்லை. அவர்கள் ஊரில் வீட்டுக்கு வீடு இன்வெர்ட்டர் கிடையாது.

ஏறித்தான் ஆக வேண்டும் என்றால், பகலில் ஏறுங்கள், வெளிச்சத்துக்காக மெயினைப் போட வேண்டியிருக்காது. மெயினை அணையுங்கள், இன்வெர்ட்டரையும் அணையுங்கள். பழைய பீஸ் கட்டை என்றால் பிடுங்கிப் பாக்கெட்டில் போட்டுக்கொள்ளுங்கள், ஆலையில் பூட்டுச் சாவியை வைத்துக்கொள்கிற மாதிரி. வீட்டில் எல்லாரிடமும் சொல்லுங்கள், 'ஏன் கரண்ட் இல்ல?' என்று மாமியார் எழுந்து போய் மெயினைப் போட்டுவிடப் போகிறார். டெஸ்டரை முதலில் கரண்ட் உள்ள இடத்தில் வைத்து அது எரிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அணைக்க வேண்டும். வேலை செய்யப்போகும் இடத்தில் பார்த்த பிறகு, மறுபடி கரண்ட் உள்ள இன்னொரு இடத்தில் அதைச் சோதியுங்கள், பக்கத்து வீட்டு பிளக்காக இருந்தாலும் பரவாயில்லை. காய்ந்த மர ஸ்டூலில் ரப்பர் செருப்போடு நிற்கும்போது ஃபேஸைத் தொட்டாலும் டெஸ்டர் மங்கலாக எரிந்து ஏமாற்றும். எரியவில்லை என்பது மட்டும் சாட்சி ஆகாது.

கழற்றுவதற்கு முன் செல்போனில் ஒரு போட்டோ எடுத்துவிடுங்கள், எந்த ஒயர் எங்கே இருந்தது என்று. சிவப்பு ஃபேஸ், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த் என்பது வழக்கம், ஆனால் கையில் கிடைத்த கலரை இழுத்த வீடுகள் ஏராளம். ஒயரை முறுக்கி டேப் சுற்றாமல் கனெக்டரில் ஸ்க்ரூ போட்டு இறுக்குங்கள். விளக்கின் கனம் கொக்கியிலோ ஸ்க்ரூவிலோ நிற்க வேண்டும், ஒயரில் தொங்கக்கூடாது. உலோக விளக்கு என்றால் பச்சை ஒயரை அதன் உடம்பில் கட்டாயம் கொடுங்கள். பச்சை ஒயரே வரவில்லை என்றால் அந்த இடத்தில் உலோக விளக்கு வேண்டாம். மேலே பார்த்தால் ஒயரின் தோல் கருகி, தொட்டதும் உதிர்கிறதா? மெயினை அணைத்த பிறகும் டெஸ்டர் எரிகிறதா? இறங்கிவிடுங்கள். 'பி' சான்றிதழ் உள்ளவரைக் கூப்பிட்டு, கூலி பேரம் பேசாமல் கொடுங்கள்.

இத்தனையும் சொல்லிவிட்டேன் என்பதற்காக, கும்மிடிப்பூண்டி அறையில் இருக்கிற அந்தப் பையன் இதையெல்லாம் செய்ய முடியும் என்று நான் சொல்லவில்லை. அவன் அறையில் மெயினே இல்லை. அது வீட்டுக்காரர் வாசலில், பூட்டிய பெட்டிக்குள் இருக்கிறது. ராத்திரி பத்து மணிக்கு அவர் கதவைத் தட்டி, தெரிந்த அரைகுறைத் தமிழில், 'அண்ணா, மெயின் ஆஃப்' என்று கேட்க வேண்டும். எட்டு அறைக்கும் ஃபேன் நிற்கும். அவர் திட்டுவார். அதனால் அவன் கேட்க மாட்டான், பக்கெட்டைக் கவிழ்ப்பான். அவன் உயிர் அவன் கவனத்தில் இல்லை, வீட்டுக்காரர் வாசலில் இருக்கும் அந்தப் பெட்டியில் இருக்கிறது.

அந்தப் பெட்டியை அரசாங்க ஆள் ஒருத்தர் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வந்து பார்க்கிறார் என்பதுதான் வேடிக்கை. ரீடிங் எடுக்க வருகிறவர். மின் ஆய்வுத்துறைக்கு உயர் அழுத்த இணைப்பு, பல மாடிக் கட்டடம், சினிமா தியேட்டர் என்று வேலை சரியாக இருக்கிறது, லைன் வீட்டுக்கு அவர்கள் வரப்போவதில்லை. வருகிறவர் இவர் ஒருத்தர்தான். எத்தனை யூனிட் ஓடியது என்று எழுதுகிற அதே கையால், ஆர்.சி.டி. இருக்கிறதா இல்லையா என்று ஒரு டிக் அடிக்கட்டும். வீட்டுக்காரரைக் கூப்பிட்டு அந்த 'டி' பட்டனை ஒரு தடவை அழுத்தச் சொல்லட்டும். இல்லை என்றால் நோட்டீஸ், அடுத்த ரீடிங்குக்கும் இல்லை என்றால் அந்தச் சப்-மீட்டர் வியாபாரத்துக்கு இணைப்பு கட். பில் கட்டாவிட்டால் பியூஸைப் பிடுங்க ஆள் அனுப்பத் தெரிந்த வாரியத்துக்கு இது முடியாத காரியமா என்ன?